கொம்பில் முளைத்த விரல்கள்

வாபிருகா நிமிர்ந்து பார்த்தபோது, கம்பில் மாட்டியிருந்த மாட்டுத் தலையின் இடது கொம்பில் நான்கு விரல்கள் முளைத்திருந்தன. வலது கொம்பில் ஒன்று. மாமாவின் கல்லறை என்றும் பாராமல் அந்தக் கற்குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

விரல் என்று ஊரில் சொல்வது ஒரு புழுவின் கூட்டைத்தான். செத்த மாட்டின் கொம்பும் குளம்பும்தான் அதற்குத் தீனி. கொம்பைக் குடைந்து தின்றபடியே உள்ளுக்குள் வளரும். வளர்ந்ததும் தன் கழிவையும் மண்ணையும் வாயிலிருந்து வரும் நூலால் பிசைந்து, கொம்புக்கு வெளியே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குழல் கட்டும். போய்ச் சேர்ந்தவர் தன் மாட்டைக் கையில் பிடித்துக்கொண்டார், அதுதான் விரல் தெரிகிறது என்பார்கள் பெரியவர்கள். தூரத்திலிருந்து உறவு வந்தால், கம்பில் மாட்டியிருக்கும் மண்டையோட்டருகே போய் அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் அழுவார்கள்.

ஆகவே விரல் முளைப்பது நல்ல சேதி. ஆனால் எதற்கும் ஒரு காலம் இருக்கிறதல்லவா? மாடு செத்து மூன்று நிலா போனால்தான் விரல் எட்டிப் பார்க்கும். ஆடு மேய்க்கிற பொடிசுகளுக்குக்கூட அது தெரியும். மாமா முசாசோ செத்து ஒரு நிலாதான் ஆகியிருந்தது. அவரை அடக்கம் செய்த அன்று சாயங்காலம் அவருடைய பசு செவலையை மூச்சடைத்து அவரோடு அனுப்பிவிட்டதாகவும், இந்தக் கொம்பு செவலையின் கொம்புதான் என்றும் வாபிருகா எல்லோரிடமும் சொல்லியிருந்தான். இப்போது இந்த ஐந்து விரல்களும் அவனைப் பொய்யன் என்று சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தன.

செவலை சாகவில்லை. மலைக்குப் பின்னால் ஒரு மணி நேர நடையில் இருக்கும் பள்ளத்தில், பாறைக் கசிவுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, தன் கன்றோடு உயிரோடுதான் இருந்தது.

அவன் கெட்டவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் மழை ஏமாற்றினால் மனிதன் என்ன ஆவான் என்று தெரியாதவர்கள்தான் அவனைக் கெட்டவன் என்பார்கள்.

முசாசோவுக்கு ஒரு காலத்தில் நூற்று அறுபது மாடுகள் இருந்தன. அவர் மாடுகள் தண்ணீருக்கு இறங்கினால் அக்கரைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். முதல் வருடம் பாதி போயிற்று. இரண்டாம் வருடம் பாதியில் பாதி. மூன்றாம் வருடக் குளிரில் நாளுக்கு ஒன்றாக விழுந்தன. விழுந்த மாட்டை நான்கு பேர் வாலையும் கொம்பையும் பிடித்துத் தூக்கி நிறுத்துவார்கள். அது ஒரு நாள் நிற்கும், மறுநாள் வேறிடத்தில் விழும். கடைசியில் மிஞ்சியது செவலையும் அதன் கிடேரிக் கன்றும்தான். செவலையின் அக்கா, அதே தாய் வயிற்றில் பிறந்தது, அதே போல் இடது கொம்பு முன்னால் வளைந்தது, வறண்ட ஆற்று மணலில் விழுந்து திரும்ப எழவில்லை. அதற்கு இரண்டு நிலா கழித்து மாமாவும் எழவில்லை.

சாவதற்கு முந்தின நாள் மாமா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மருமகனே, செவலை என்கூட வரணும்.”

“மாமா, அது ஒண்ணுதான் மிச்சம்.”

“அதனாலதான் கேக்குறேன். நூத்தறுபது மாட்டுக்காரன் அங்க வெறுங்கையோட போய் நின்னா சிரிக்க மாட்டானுங்களா?”

அக்கா மகன்தான் மாட்டுக்கு வாரிசு. வாரிசு தன் கையாலேயே மாட்டின் மூக்கைப் பொத்தி அனுப்ப வேண்டும். தலையைக் கல்லறையில் மாட்டாதவன் வாரிசே இல்லை. அப்படி அனுப்பிய மாட்டின் கறியை யாரும் தொடவும் கூடாது. அந்தச் சட்டப்படி பார்த்தால் வாபிருகாவுக்கு வந்த சொத்து ஒரு பசு. அந்தச் சொத்தை அடைய அவன் செய்ய வேண்டியது, அந்தப் பசுவைக் கொல்வது. இதைக் கேட்டு யாருக்காவது சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளட்டும், அவனுக்கு வரவில்லை.

ஏனென்றால் அவனுக்கு ஒன்றரை வயதில் ஒரு மகள் இருந்தாள், கெருவே. தாய் காவிரூருவுக்குப் பால் வற்றி வெகுநாள் ஆகிவிட்டது. மாவு லாரி எப்போதாவது வந்து இறக்கிவிட்டுப் போகும் சோள மாவுக் கஞ்சி அந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, குடித்ததெல்லாம் கழிந்தது. செவலை காலையில் கொடுக்கும் அரைச் செம்புப் பால்தான் அவளை ஓட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துக் குடிசைகளில் அந்தக் குளிரிலேயே இரண்டு பிள்ளைகளைப் புதைத்துவிட்டிருந்தார்கள்.

மாமாவின் உயிர் போன காலையில், காவிரூரு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள்:

“என்ன செய்யப் போற?”

“மாமா கேட்டது நியாயம்தானே.”

“நியாயத்தை யாரு இல்லேங்கிறா? உன் நியாயம் பால் கறக்குமா?”

“அவர் பாத்துக்கிட்டு இருப்பாரு, காவிரூரு.”

“பாக்கட்டும். இந்தப் பிள்ளையையும் பாக்கட்டும். நூத்தறுபது மாடு அவருக்கு முன்னாடியே அங்க போய் நிக்குது. இந்த ஒத்த மாடு போகலேன்னா அவருக்குப் பொழுது விடியாதா?”

குழி வெட்ட உதவிக்கு வந்தவர்கள் இரண்டே பேர். மற்றவர்களெல்லாம் மிச்சமிருந்த மாடுகளை ஓட்டிக்கொண்டு மேய்ச்சல் தேடிப் போயிருந்தார்கள். உடலை இறக்கிக் கல் குவித்து முடிப்பதற்குள், உங்கள் மாடு விழுந்துவிட்டது என்று அந்த இரண்டு பேருக்கும் ஆள் வந்தது. விழுந்த மாடு காத்திருக்காது. ஓடிவிட்டார்கள். சாயங்காலம் செவலையின் மூக்கைப் பிடிக்க வேண்டிய நேரத்தில் கல்லறையில் வாபிருகாவைத் தவிர யாரும் இல்லை.

அவன் செவலையைப் பள்ளத்துக்கு ஓட்டினான். ஆற்று மணலுக்குப் போய், நரியும் கழுகும் சுத்தமாகத் தின்று வைத்திருந்த அக்காக்காரியின் தலையை எடுத்து வந்தான். வெளுத்த எலும்பு புதிதாகத் தெரிய வேண்டுமே. வீட்டில் இருந்த கடைசிக் கிடாயை அறுத்து அதன் ரத்தத்தையும் கொழுப்பையும் எலும்பில் பூசினான். தலையைக் கம்பில் மாட்டிவிட்டு, “மாமா, செவலை வந்துட்டா, வாங்கிக்கோங்க” என்று சத்தமாகவே சொன்னான். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. அதுதான் அவனையே பயமுறுத்தியது.

ஒரு நிலா நிம்மதியாகத்தான் போயிற்று. தினமும் விடியலில் பள்ளத்துக்குப் போய்ச் செவலைக்கு மரத்தழை வெட்டிப் போட்டு, கன்றுக்குக் கொஞ்சம் விட்டு, மிச்சத்தைக் கறந்து தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவருவான். கெருவே எழுந்து நிற்க ஆரம்பித்தாள். அப்போதுதான் மாவு லாரிக்காரன் ஒரு சேதி கொண்டுவந்தான். மாமாவின் தம்பி ஹெபூட்டே அக்கரையிலிருந்து பத்து நாளில் வருகிறார், அண்ணன் கல்லறையில் கல் வைக்க. ஹெபூட்டே மாட்டின் குளம்படியைப் பார்த்தே அதன் வயதைச் சொல்கிறவர். சேதி கேட்ட கையோடு வாபிருகா கல்லறைக்கு ஓடிவந்தான். ஓடிவந்தவனைத்தான் அந்த ஐந்து விரல்களும் வரவேற்றன.

ஹெபூட்டே கண்டுபிடித்தால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். செவலையைப் பள்ளத்திலிருந்து இழுத்து வந்து இதே இடத்தில் சாகடிப்பார்கள். அது செத்தால் கெருவேக்கு எத்தனை நாள் என்று அவனும் காவிரூருவும் கணக்குப் போட்டதில்லை. போடப் பயம்.

இடுப்புக் கத்தியை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாக அறுத்தான். உள்ளே வெள்ளைப் புழு, பழுப்புத் தலை, வெயில் பட்டதும் சுருண்டது. காலில் போட்டு நசுக்கினான். கொம்பைத் துடைத்து, துளைகளில் சாம்பலும் மண்ணும் அடைத்தான். இரண்டு நாள் கழித்துப் போனால் அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மூன்று புது விரல்கள். ஈரம்கூடக் காயவில்லை. மறுபடி அறுத்தான். மறுபடி வந்தன. உள்ளே எத்தனை இருக்கின்றன என்று யார் கண்டது? கொம்பில் காதை வைத்துக் கேட்டான், ஒன்றும் கேட்கவில்லை. தின்கிற சத்தம் கேட்பது போல மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது.

நான்காம் முறை அறுத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“என்னப்பா, செத்தவருக்குச் சவரம் பண்றியா?”

கசீட்டா. குழி வெட்ட வந்த இரண்டு பேரில் ஒருத்தன்.

“காக்கா எச்சம் போட்டிருக்கு. சுரண்டுறேன்.”

“உயிரோட இருந்தப்போ மாமாவுக்கு ஒரு நாள் முதுகு சொறிஞ்சு விட்டிருப்பியா நீ? இப்ப என்ன கரிசனம் பொத்துக்கிட்டு வருது?”

“உன் மாடு எந்திரிச்சுதா?”

“எந்திரிச்சுது. எந்திரிச்சு நேரா சட்டிக்குள்ள போச்சு.” கசீட்டா சிரிக்காமலேயே சொல்லிவிட்டு, தோளில் தண்ணீர் டின்னோடு போய்விட்டான். மறுவாரம் அவனும் குடும்பத்தோடு மேய்ச்சல் தேடிக் கிளம்பினான். திரும்பி வந்ததாக யாரும் சொல்லவில்லை.

கசீட்டா கேலி பண்ணிவிட்டுப் போன அன்று, பொழுது சாய்கிற நேரத்தில், வாபிருகா அந்தப் புழுவின் தாய்ப்பூச்சியைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து பார்க்கிற பூச்சிதான், நின்று பார்த்ததில்லை. சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. தூசி நிற இறக்கையை முதுகோடு ஒட்டி மடித்துக்கொண்டால் காய்ந்த இலைத் துணுக்குதான். தலையில் மட்டும் வெளிறிய மஞ்சள் மயிர், தூங்கி எழுந்த பிள்ளையின் தலை போலச் சிலுப்பிக்கொண்டு நிற்கும். வாய் என்று பெயருக்குக்கூட ஒன்று இருக்கிறதோ இல்லையோ, அது எதையும் தின்று யாரும் பார்த்ததில்லை. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துச் சில நாள் பறக்கும். அதற்குள் எங்கே செத்த கொம்பு இருக்கிறது என்று மோப்பம் பிடித்து வந்து, கொம்பும் எலும்பும் சேர்கிற வெடிப்பில் முட்டைகளைச் செருகிவிட்டுச் செத்துப்போகும். முட்டையிலிருந்து நூல் தடிமனில் புழு. புழு கொம்புக்குள் போய் விரல் கட்டும். விரலுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகிக் கிடந்து, நேரம் வந்ததும் விரல் நுனியைப் பிளந்துகொண்டு பாதி உடம்பை வெளியே நீட்டும். தோலை அங்கேயே விட்டுவிட்டுப் பூச்சி பறந்துபோகும்.

அந்த வறட்சியில் கொழுத்தது அது ஒன்றுதான். திரும்பிய பக்கமெல்லாம் கொம்பு. நாட்டில் அதற்கு மட்டும்தான் அறுவடை. வாபிருகாவுக்கு அதன்மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. கையால் அடித்தான். உள்ளங்கையில் கொஞ்சம் சாம்பல் மாதிரி ஒட்டியது.

மறுநாள் அவன் செய்யக் கூடாததைச் செய்தான். தலையைக் கம்பிலிருந்து இறக்கினான். வைத்த தலையை இறக்குவது, கொடுத்ததைச் செத்தவரின் கையிலிருந்து பிடுங்குவது. மன்னிப்பும் கேட்கவில்லை. துணியில் சுற்றிப் பள்ளத்துக்குக் கொண்டுபோய், பச்சை விறகு மூட்டி, பகல் முழுக்கப் புகையில் காட்டினான். புழுக்கள் துளைகள் வழியே வெளியே வந்து நெருப்பில் விழுந்தன. அறுபதுவரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டான். பிறகு கள்ளியை வெட்டி, அதன் பாலைக் கொம்பு முழுக்கப் பூசினான், துளைகளுக்குள்ளும் விட்டான். செவலை கொஞ்சம் தள்ளி நின்று அசைபோட்டபடி தன் அக்காவின் தலை வேகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தலையைத் திரும்ப மாட்டினான். அதற்குப் பிறகு ஒரு விரல்கூட முளைக்கவில்லை. ஒரு பூச்சிகூட அந்தக் கொம்பை அண்டவில்லை.

பத்தாம் நாள் ஹெபூட்டே வரவில்லை. பதினைந்தாம் நாளும் வரவில்லை. அக்கரையில் அவர் வீட்டிலேயே ஒரு சாவு, பிறகு வருவார் என்று லாரிக்காரன் சொன்னான். வாபிருகாவுக்கு உடம்பு லேசாகிவிட்டது. அன்றோடு கல்லறைப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டான். பார்க்கப் பிடிக்கவில்லை. பள்ளத்துக்கும் வீட்டுக்கும் நடப்பதே பிழைப்பாயிற்று. கெருவே நடக்க ஆரம்பித்தாள், கன்னத்தில் சதை வைத்தது. “அப்பா, அம்மா” சொல்வதற்கு முன்னால் “பால்” சொன்னாள். நிலா தேய்ந்தது, வளர்ந்தது, தேய்ந்தது. மழை மட்டும் வரவில்லை.

மாமா செத்து நான்கு நிலா தாண்டிய பிறகு ஒரு காலையில் லாரிக்காரன் ஹாரன் அடித்து நிறுத்தினான்.

“உன் சின்ன மாமா ஆத்தைத் தாண்டிட்டாருய்யா. நாளைக்குச் சாயங்காலம் இங்க இருப்பாரு. கூட ரெண்டு பேரு.”

வாபிருகா சரி என்று தலையாட்டிவிட்டு நான்கு எட்டு வைத்தான். ஐந்தாவது எட்டில் அவனுக்கு உறைத்தது.

நான்கு நிலா! மூன்று நிலாவில் விரல் முளைத்திருக்க வேண்டும். நான்கு நிலாவில் கொம்பு முழுக்க விரலாக நின்றிருக்க வேண்டும். ஓடிப்போய்ப் பார்த்தான். கொம்பு இரண்டும் கழுவி வைத்த பாத்திரம் மாதிரி மொழுமொழுவென்று இருந்தன. நாலா பக்கமும் மணலில் கிடந்த அநாதைத் தலைகளிலெல்லாம் விரல். மாமாவின் கல்லறையில் மட்டும் ஒன்றுமில்லை. கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால், அந்த விரல்களை அறுக்காமல் விட்டிருந்தால், இன்றைக்கு அவையே அவனைக் காப்பாற்றியிருக்கும். வந்தவர் பிடித்து அழுதுவிட்டுப் போயிருப்பார். அவசரக்காரன். நான் வேறென்ன சொல்ல?

வீட்டுக்கு வந்து சொன்னதும் காவிரூரு கசப்பாகச் சிரித்தாள்.

“முளைக்கலேன்னா நட்டு வை போ.”

அவள் வயிற்றெரிச்சலில் சொன்னாள். அவன் அவளையே பார்த்தான்.

“விளையாட்டுக்குச் சொன்னேன். அப்படிப் பாக்காத.”

“உன் பிசின் டப்பாவைக் குடு.”

“நிஜமாவா? ஐயோ, வேணாம். அந்தக் கிழவருக்குக் கண்ணு நல்லாவே தெரியும்.”

“தலை கம்பு உச்சியில இருக்கு. லேசாத் தொட்டுட்டு அழுவாரு. அழுற கண்ணுக்கு என்ன தெரியும்? குடு.”

மலைச்செடியிலிருந்து பெண்கள் பொறுக்கி வரும் வாசனைப் பிசின் அது. வெண்ணெயிலும் செம்மண்ணிலும் குழைத்து உடம்பில் பூசிக்கொள்வது. அந்த வருடம் வெண்ணெய் இல்லாததால் டப்பாவில் பிசின் அப்படியே கிடந்தது. காவிரூரு எடுத்துக் கொடுத்தாள்.

மணலில் கிடந்த தலைகளிலிருந்து விரல்களை அலுங்காமல் கழற்றினான். பாதி உடைந்தன, பதினேழு தேறின. பிசினை ஒரு கல்லில் வைத்துச் சூடாக்கி, ஒவ்வொரு விரலாகப் பழைய துளைகளின்மேல் ஒட்டினான். இடதில் ஒன்பது, வலதில் எட்டு. எல்லா விரலும் ஒரே பக்கம் பார்க்காதபடி ஒன்றிரண்டைச் சாய்த்தும் வைத்தான். பின்னால் தள்ளி நின்று பார்த்தபோது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஹெபூட்டே மறுநாள் வெயில் தாழ வந்தார். ஒட்டிய வயிறும் கையில் கோலுமாக, ஆள் பாதியாகியிருந்தார். கூட வந்த இருவரும் அவருடைய மச்சான்கள், அதிகம் பேசாதவர்கள். குடிசைக்குக்கூட வராமல் நேரே கல்லறைக்குப் போனார். கல் வைத்தார், செத்தவருக்குச் செய்கிற மரியாதைப்படி வாயில் தண்ணீர் வைத்துக் கற்கள்மேல் உமிழ்ந்தார். அண்ணன் பெயரைச் சொல்லி, அவர் மாடுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதார். முடிவில் செவலையின் பெயரையும் சொன்னார். வாபிருகா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சற்றுத் தள்ளிக் காவிரூரு கெருவேயை இடுப்பில் வைத்தபடி நின்றாள்.

கிழவர் கம்பருகே போய்க் கையைத் தூக்கினார்.

“மாமா, பாத்து. மெல்லிசு, உடைஞ்சிரும்” என்றான் வாபிருகா.

“என் அண்ணன் கையை நான் பிடிக்க உன்கிட்ட உத்தரவு கேக்கணுமாடா?”

முன்னால் வளைந்த இடது கொம்பின் நுனி விரலை மென்மையாகத்தான் பிடித்தார். அது அவர் கையோடு வந்துவிட்டது.

முதலில் தான்தான் உடைத்துவிட்டோம் என்று நினைத்துப் பதறினார். “அண்ணா, அண்ணா” என்றார். பிறகு விரல்களுக்கு நடுவே ஏதோ பிசுபிசுத்திருக்க வேண்டும். கையை மூக்கருகே கொண்டுபோனார். அந்த வாசனை நிற்கிற எல்லோருக்கும் வந்தது. கல்யாணத்துக்குப் புறப்படுகிற பெண்கள் கடந்துபோனால் வருகிற வாசனை.

“இது பொம்பளைங்க பூசுற பிசினாச்சே.”

அவர் இன்னொரு விரலைத் தொட்டார், அதுவும் வந்தது. பிறகு பதினேழையும் நிதானமாக ஒவ்வொன்றாக எடுத்து அண்ணன் கல்லறைக் கற்கள்மேல் வரிசையாக வைத்தார். துளைகளுக்குள் கண்ணை இடுக்கிப் பார்த்தார். கொம்பை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துத் துப்பினார்.

“புகை. கள்ளி.” திரும்பினார். “செவலை எங்கடா?”

காவிரூருதான் சொன்னாள்.

“உசுரோடதான் இருக்கு, மாமா. பள்ளத்துல. என் பிள்ளை அந்தப் பாலைத்தான் குடிக்குது.”

அடிப்பார் என்று வாபிருகா எதிர்பார்த்தான். அவர் கோலை ஊன்றி மெல்ல உட்கார்ந்தார்.

“அக்கரையில மட்டும் மழை கொட்டுதுன்னு நெனச்சியா? இந்த வருசம் என் வீட்டுல மூணு சாவு. மூணு கல்லறைலயும் ஆட்டுத் தலைதான் வெச்சிருக்கோம். ‘மாடு இல்ல, புள்ளைங்க பட்டினி, மழை வந்ததும் தரோம், பொறுத்துக்கோங்க’ன்னு சொன்னோம். கேட்டுக்கிட்டாங்க. செத்தவங்களும் மாடு வளத்தவங்கதானே, அவங்களுக்குத் தெரியாதா?”

“மாமா...”

“ஒரு ஆட்டுத் தலை வெச்சு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். நானே உனக்காக அவன்கிட்டப் பேசியிருப்பேன்.”

“இப்பச் சொல்றேன் மாமா. உங்க கால்ல விழறேன், இப்பச் சொல்றேன்.”

“இப்ப யார்கிட்டச் சொல்லுவ? அவன் கையில செத்த கொம்பைக் குடுத்து செவலைன்னு சொன்ன. அதையும் திரும்பப் பிடுங்கி நெருப்புல காட்டின. அப்புறம் பொய்க் கை செஞ்சு, என்னையே பிடிக்க வெச்ச.” கிழவரின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. “இதுக்கு மேல ஆட்டுத் தலை செல்லாதுடா.”

வாபிருகா எழுந்து போய்க் கெருவேயைத் தாயின் இடுப்பிலிருந்து பிடுங்கி அவர் முன்னால் நிறுத்தினான். “இவளைப் பாருங்க. அந்தப் பால் இல்லேன்னா இவ இருக்க மாட்டா.”

அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிள்ளையின் தலையைத் தடவினார்.

“இவளைப் பாத்துத்தான் சொல்றேன். ஏமாத்தப்பட்ட என் அண்ணன் கோவத்துல ஒரு உசுரை எடுத்தா மொத யாரை எடுப்பான்? உன்னையா? உன்னை எடுத்து அவனுக்கு என்ன லாபம்?” மச்சான்களிடம் திரும்பினார். “போய் ஓட்டிக்கிட்டு வாங்க.”

அதற்கு மேல் வாதாட வாபிருகாவுக்குத் தெம்பில்லை. அதைவிட மோசம், அவர் சொன்னதை அவனும் நம்பினான். ராத்திரிகளில் அவன் பயந்ததும் அதுதான்.

செவலையும் கன்றும் வந்தபோது மலையில் இன்னும் வெளிச்சம் இருந்தது. காவிரூரு யாரையும் கேட்காமல் மரச்செம்போடு போய் மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்து கறந்தாள். கடைசிச் சொட்டுவரை கறந்தாள், காம்பு வலித்துச் செவலை காலைத் தூக்கிய பிறகும் விடவில்லை. ஹெபூட்டே தடுக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தார்.

மச்சான்கள் இருவரும் காலைக் கட்டிச் சாய்த்தார்கள். மூக்கைப் பிடிப்பது வாரிசின் வேலை. வாபிருகா மண்டியிட்டு, ஒரு கையால் வாயைச் சேர்த்துப் பிடித்து, மறு கையால் மூக்குத் துவாரங்களைப் பொத்தினான். செவலை முதலில் திமிறவே இல்லை. நான்கு நிலாவாகத் தினமும் தழை போட்ட கை, கறந்த கை. அந்தக் கையின் வாசனை அதற்குத் தெரியும். விரலிடுக்கில் நாக்கை நீட்டி அவன் உள்ளங்கையை நக்கப் பார்த்தது. அப்புறம்தான் அதற்குப் புரிந்தது. அவன் வாய்விட்டு அழுதான், பிடியை மட்டும் விடவில்லை. விட்டுவிட்டுப் பிடித்தால் இரண்டு முறை சாகும்.

ஹெபூட்டே இரண்டு நாள் இருந்து, புதுத் தலையை மாட்டி, அண்ணனிடம் வெகுநேரம் பேசிவிட்டுப் போனார். போகும்போது தன்னிடமிருந்த சோள மாவில் பாதியைக் காவிரூருவிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

செவலையிடம் கடைசியாகக் கறந்த பாலைப் புளிக்க வைத்து, ஒரு நாளைக்கு மூன்று மடக்கு என்று கொடுத்தாள். மூன்று நாள் வந்தது.

நான்காம் நாள் காலையில் கெருவே தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குடிசைக்கு வெளியே போய் உட்கார்ந்தாள். அப்பா பாலோடு வருகிற மலைப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியும் எழுந்து வரவில்லை. வாபிருகா குடிசைக்குள்தான் இருந்தான்.